பிரேக் வேலைக்கு 122,500 ரூபாய்: கொடுக்கலாமா, நாமே செய்யலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற வேறு ஆட்களுக்கும் விளங்கட்டும். உங்களிடம் இருப்பது இந்தியன் ஆல்டோ 800, மெனுவல் கியர். நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு கண்டிக்கு இறங்கும்போது றம்பொடையை நெருங்கையில் கருகல் வாடை வந்திருக்கிறது, அப்புறம் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிக் கிட்டத்தட்ட அடி வரை போயிருக்கிறது. ஓரமாக நிறுத்தி அரை மணித்தியாலம் விட்டதும் பெடல் பழையபடி வந்துவிட்டது. அடுத்த நாள் கராஜில் முன் சக்கரம் ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு பாஸ், அதாவது மெக்கானிக், எழுதிக் கொடுத்த கணக்கு இது: முன் பேட் 14,500, டிஸ்க் இரண்டு 38,000, பின் லைனர் 11,000, வீல் சிலிண்டர் இரண்டு 9,600, மாஸ்டர் சிலிண்டர் 27,500, பிரேக் ஒயில் 3,900, லேபர் 18,000. மொத்தம் 122,500. மாமா பகல் கொள்ளை என்கிறார். மச்சான், பேட்டை மட்டும் வாங்கு, யூடியூப் பார்த்து நாமே போடுவோம் என்கிறார்.

இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 122,500 கூடவா குறையவா என்று மொத்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்து, இந்தச் சாமான் போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் இருக்கிற வரிக்குக் காசு கொடுக்கலாம், பதில் இல்லாத வரியை நிறுத்தி வைக்கலாம். சாமான் ஒவ்வொன்றும் நியாயமான விலையில் இருந்தும் மொத்தப் பில் அநியாயமாக இருக்கலாம், தேவையில்லாத சாமான் அதில் ஏறியிருந்தால்.

விலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். மாமா மனதில் 2019 விலை ஓடுகிறது. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, அதற்குப் பிறகு 300ஐச் சுற்றியும் அதற்கு மேலும் போனது, அதன் மேல் 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கிடையில் எல்லோரும் இருந்த வாகனத்தையே பழுது பார்த்து ஓட்டியதில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கு நல்ல காலம். அதனால் பழைய பில்லோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். டவுனில் இரண்டு கடைக்கு, முடிந்தால் கண்டியில் ஒரு கடைக்கும் போன் போட்டு, ஆல்டோவின் வருஷத்தையும் செசி நம்பரையும் சொல்லி, இந்தியன் ஜெனுயின் என்ன விலை, வேறு கம்பெனி என்ன விலை என்று கேளுங்கள். கராஜ் விலை கடை விலையைவிடக் கொஞ்சம் கூட இருப்பதில் தவறில்லை, கடைக்குப் போய் வருவதும் பிழையான சாமான் வந்தால் மாற்றிக் கொடுப்பதும் அவர் தலையில்தானே. கடை விலையின் ஒன்றரை மடங்கு என்றால் பேச வேண்டிய விஷயம்.

சரி, இனி உங்கள் பிரேக்குக்கு என்ன ஆனது என்று பார்ப்போம், முக்கியமான இடம் இதுதான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பளை ஏறக்குறைய 500 மீட்டரில். லபுக்கலை, றம்பொடை, புசல்லாவ வழியாக இறங்கும்போது ஒரு தொன் பாரம், அதாவது உங்கள் காரும் நாலு பேரும் சாமானும், 1,300 மீட்டருக்கு மேல் கீழே வருகிறது. அந்தச் சக்தி முழுவதையும் சூடாக மாற்றினால் 35 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் முழுக்க இரண்டு சின்ன டிஸ்க்குக்கும் இரண்டு ட்ரம்முக்கும்தான் போகிறது, அதிலும் பெரும் பங்கு முன் டிஸ்க்குக்கு. நாலாம் கியரில் விட்டுக் கால் எடுக்காமல் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூடேறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. அது பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது. மற்றது, பெடல் மெத்தென்று கீழே போவது. அது ஒயில் கொதித்துவிட்டதன் அடையாளம். ஒயிலை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் பலம் சக்கரம் வரை போய்ச் சேர்கிறது. பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கெலிப்பருக்குள் ஒயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி திரும்ப ஒயிலாகும், பெடலும் திரும்பி வரும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக இது. கருகல் வாடையும் வந்ததால் பேட்டும் அளவுக்கு மேல் சூடேறியிருக்கிறது.

ஒயில் ஏன் கொதிக்கிறது? பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140. டொட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கிற நம் பக்கத்தில், மலையும் இறங்குகிறவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது. கார் வாங்கியதிலிருந்து ஒயில் மாற்றியதாக நீங்கள் எழுதவே இல்லை. டாங்கியில் குறைந்தபோது ஊற்றியிருப்பீர்கள், ஊற்றுவது மாற்றுவதாகாது.

இப்போது அந்தப் பில்லுக்கு வருவோம். பிரேக் ஒயில் கட்டாயம், அதில் பேச்சே இல்லை, டொட் 4 போடச் சொல்லுங்கள், சீல் உடைக்காத டின்னாக. முன் பேட் பெரும்பாலும் தேவைப்படும். தடிப்பு 3 மில்லிமீட்டருக்குக் கிட்ட வந்திருந்தாலோ, முகம் கண்ணாடி போல மினுங்கினாலோ, ஓரம் வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றி, உள் பேட்டையும் பார்க்க வேண்டும். வெளிப் பேட் நன்றாக இருந்து உள் பேட் தகட்டு மட்டத்துக்குத் தேய்ந்திருப்பது சாதாரணம், கெலிப்பர் சறுக்குகிற இரும்புப் பின் இறுகிப்போனால் அப்படித்தான் ஆகும். அப்படியிருந்தால் புதுப் பேட் போட்டும் பிரயோசனமில்லை, பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் போட்ட பிறகுதான் பேட்.

டிஸ்க் இரண்டு 38,000 என்பது பில்லில் பெரிய வரி. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று மில்லிமீட்டரில் வெட்டியிருக்கும், துருவை உரசிவிட்டுப் பார்த்தால் தெரியும். பாஸிடம் வேர்னியர் இருக்கும், உங்கள் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைவிடக் குறைந்திருந்தாலோ, மயிரிழை வெடிப்பு இருந்தாலோ 38,000ஐக் கொடுத்துவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தடிப்பு தாராளமாக இருந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டேரிங் நடுங்கினால் மட்டும் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம், எடுத்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். நடுக்கமும் இல்லை, தடிப்பும் இருக்கிறது என்றால் டிஸ்க்கை ஏன் மாற்ற வேண்டும்? நீல நிறம் ஏறியிருப்பதைக் காட்டி மாற்றச் சொல்வார்கள். அது சூடு பட்டதற்கு அடையாளம், அது மட்டும் காரணமாகாது.

மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளுகிற உருளை, 27,500. இதை வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். கார் ஆறியிருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், மிதிப்பதை இலகுவாக்குகிற பூஸ்டரில் இருக்கும் காற்றிழுப்பு போய்ப் பெடல் இறுகும். அப்புறம் ஒரே அளவு பலத்தில் மிதித்தபடி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். பெடல் அசையாமல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் நல்லது. மெதுவாகக் கீழே நழுவினால் எங்கோ கசிகிறது. நாலு சக்கரத்தின் உள்பக்கமும் குழாய் மூட்டுகளும் காய்ந்திருந்து, டாங்கியிலும் ஒயில் குறையாமல் பெடல் மட்டும் நழுவினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போய்விட்டது, பாஸ் சொன்னது சரி. மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் இலேசாக ஓர் இறக்கம் இறங்கும், அது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், பயந்துவிடாதீர்கள்.

பின் லைனரும், அதை ட்ரம்மில் அழுத்துகிற வீல் சிலிண்டரும் சேர்த்து 20,600. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஆல்டோவுக்குப் பின்னால் ட்ரம். ட்ரம்மைக் கழற்றாமல் லைனர் தேய்ந்ததா என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. முன் சக்கரம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பின் பக்கத்துக்கு 20,600 எழுதியிருக்கிறார். திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். பெடல் அடி வரை போன காரை இந்த மலையில் பொறுப்பெடுக்கிற எந்த பாஸும், நாளைக்கு ஏதும் நடந்தால் பழி தன் மேல் வரும் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார். அவர் பக்கத்தில் அது நியாயம்தான். ஆனால் ஊகத்துக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. ட்ரம்மைத் திறந்து, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை இலேசாக நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே ஈரமிருந்தால் மாற்றத்தான் வேண்டும், லைனரில் ஒயில் பட்டிருந்தால் லைனரும் போச்சு. காய்ந்திருந்து, லைனரிலும் தடிப்பு இருந்தால் தூசியைத் துடைத்து, பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்து மூடினால் முடிந்தது.

ஆக, இப்போது கையில் இருக்கிற ஆதாரத்துக்குப் பேட்டும் ஒயிலும் 18,400 ரூபாய், அதோடு லேபர். டிஸ்க்கும் மாஸ்டர் சிலிண்டரும் மட்டுமே 65,500, பில்லில் பாதிக்கு மேல், இரண்டுமே அளந்து பார்க்காமல் எழுதியவை. லேபர் 18,000 என்பது நாலு சக்கரம், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்த்து ஒரு பாஸும் கையுதவிக் கோலையாளும் ஒரு நாள் செய்கிற வேலைக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பேட்டும் ஒயிலும் என்று வேலை சுருங்கினால் அரை நாள்கூட எடுக்காது, லேபரும் சுருங்க வேண்டும். சாமானைக் குறைத்துவிட்டு லேபரை அப்படியே வைத்தால் அங்கே பேசுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். முகத்தில் அடித்தாற்போல் கேட்டால் நல்ல பாஸும் கோபித்துக்கொள்வார், இந்தச் சின்ன டவுனில் நாளைக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். "பாஸ், காசு கொஞ்சம் இறுக்கம், எது இப்பவே செய்யணும், எது பார்த்துச் செய்யலாம், திறந்து வைத்துக் கூப்பிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். கழற்றுகிற பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், புதுச் சாமானின் பெட்டியையும் பார்க்கக் கேளுங்கள். அவர் சரியென்றால் அதுவே பாதி உத்தரவாதம். அதைக் கேட்டதற்கே சத்தம் போட்டால் வேறு இடம் பாருங்கள். வேறு இடத்துக்குப் போனால் முதல் கணக்கைக் காட்டாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். காட்டினால் அதிலிருந்து ஐயாயிரம் குறைத்து அதே பட்டியலைத் திரும்ப எழுதித் தருவார்கள். பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஏதும் பிரச்சினை என்றால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் நம்பருக்குச் சொல்லும்போது அது உதவும்.

சாமானை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம், அதற்கு ஒத்துக்கொள்கிற பாஸ்மார் நிறையப் பேர். பேட் பிழைத்தால் பொறுப்பு உங்களுடையது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் சாமான் மலிவு என்று ஆள் ஆளுக்குச் சொல்வார்கள். கதவு, லைட், கண்ணாடி என்றால் நானும் அங்கே போகச் சொல்வேன். பிரேக்கின் ரப்பர் சீல் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

இனி மச்சானின் யோசனை. பேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, செய்து பழகிய ஆளுக்கு ஒரு பக்கம் அரை மணித்தியால வேலை. எனக்குப் பயம் வேலையில் இல்லை, இடத்தில். உங்கள் வீட்டு வாசல் சரிவு என்று எழுதியிருக்கிறீர்கள், நம் பக்கம் யார் வீட்டு வாசல்தான் சமமாக இருக்கிறது? ஹேண்ட் பிரேக் பின் சக்கரம் இரண்டைத்தான் பிடிக்கிறது. பின் பக்கத்தை ஜேக் அடித்துத் தூக்கிய நிமிஷத்தில் அந்தப் பக்கப் பிடி போய்விடும். ட்ரம்மைக் கழற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கையே இறக்கிவிட வேண்டும், அப்போது காரைப் பிடித்து வைத்திருப்பது கியரும் நீங்கள் வைத்த கல்லும்தான். ஆகவே சமதரை, சீமெந்துத் தரை, கோயில் முற்றமோ பெக்டரி முற்றமோ எதுவோ. மற்றச் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல், ஜேக்குக்குப் பக்கத்தில் கட்டாயம் ஸ்டாண்ட். காரோடு வந்த ஜேக்கை மட்டும் நம்பி ஒருவரும் உடம்பை உள்ளே விடக் கூடாது.

முன் பேட் மட்டும் என்றால், தோட்டத்துப் பெக்டரி பிட்டரோ லொறி வேலை தெரிந்தவரோ பக்கத்தில் நின்றால், செய்யுங்கள் என்பேன். கெலிப்பரைக் கழற்றியதும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டாங்கியில் ஒயில் ஏறி வழியும், முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்டைத் தின்றுவிடும். தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள், பழைய பேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்த காலமும் உண்டு. கெலிப்பர் பின்னுக்குச் சாதாரண வீல் கிரீஸ் போடக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். அதே காரணத்துக்காக எஞ்சின் ஒயிலோ ஸ்டேரிங் ஒயிலோ பிரேக் டாங்கியில் ஒரு சொட்டும் போகக் கூடாது, போனால் பில்லில் இருக்கிற எல்லாச் சீலையும் உண்மையிலேயே மாற்ற வேண்டி வரும். வேலை முடிந்ததும், காரை நகர்த்த முன், பெடல் இறுகும் வரை மிதியுங்கள். முதல் மிதிக்குப் பெடல் வெறுமையாக அடி வரை போகும், அதை நடுரோட்டில் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஒயில் மாற்றி ஏர் எடுப்பதை, அதாவது குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றுவதை, கராஜுக்கு விடுங்கள். ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறக்க வேண்டும், நேரம் ஒரு நொடி தப்பினால் காற்று உள்ளே போய்விடும், நுவரெலியா டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, றம்பொடையில்தான் தெரியும். தவிர இன்றைக்கு உங்கள் காரில் உண்மையாகப் பழுதாகியிருப்பது ஒயில்தான், மச்சான் தொடாமல் விடப்போவதும் அதைத்தான். பேட்டை மட்டும் மாற்றினால் பெடல் திரும்பவும் போகும்.

புதுப் பேட் போட்ட கையோடு மலை இறங்காதீர்கள். கிரகரி வாவியைச் சுற்றியுள்ள சமமான ரோட்டில், வாகனம் குறைந்த காலை நேரத்தில், 50லிருந்து 20க்கு மெதுவாகக் குறைப்பதைப் பத்துத் தடவை மாதிரி, இடையில் ஆறவிட்டுச் செய்யுங்கள், பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியட்டும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்கிற பழைய ட்ரைவர்மார் பேச்சைக் கேட்காதீர்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரில் விட்டு எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது பெற்றோல் வெட்டுப்பட்டுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்கு பெற்றோல் குடிக்கும். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வராமல், அழுத்திக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, திரும்ப அழுத்துங்கள். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், ஆனால் சூடான டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம், அருவிக்குப் பக்கத்தில் நிறுத்திப் போத்தலோடு ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், வளைந்த டிஸ்க்குக்குப் பிறகு 38,000 கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

ஒயில் மாற்றும் வரை கண்டிப் பக்கம் காரை இறக்க வேண்டாம், பஸ்ஸில் போய் வாருங்கள். பெடல் சோதனையை இன்றைக்கே செய்யலாம், அதற்கு ஐந்து சதம் செலவில்லை. பெடல் நின்றதா நழுவியதா, டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, ட்ரம்முக்குள் காய்ந்திருந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள், எந்த வரியை வெட்டுவது என்று அப்போது நேராகச் சொல்கிறேன்.